வண்டிக்கும் வில்லங்கம் உண்டு

அரை கிரவுண்டு மனை வாங்குகிறவர்கூட முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறார். தாய்ப் பத்திரம் கேட்கிறார், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிக்கிறார். அதே மனிதர் ஐந்தாறு லட்சத்துக்குப் பழைய கார் வாங்கப் போனால் மெக்கானிக்கைக் கையோடு அழைத்துப் போகிறார். இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார், கிளட்சை மிதித்துப் பார்க்கிறார், டயர் தேய்மானத்தைத் தடவிப் பார்க்கிறார். ஆர்.சி.யை மட்டும் முன்னும் பின்னும் ஒருமுறை திருப்பிவிட்டுக் கொடுத்துவிடுகிறார். இன்ஜின் கோளாறைப் பணம் போட்டுச் சரிசெய்துவிடலாம். ஆர்.சி.யில் கோளாறு இருந்தால் வண்டி உங்கள் வாசலில் நிற்கும், ஆனால் விற்கவும் முடியாது, காப்பீடு கேட்கவும் முடியாது, சில சமயம் வைத்திருக்கவும் முடியாது.

இந்த அத்தியாயத்தில் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: பணம், வண்டி, பெயர் ஆகிய மூன்றும் கூடியவரை ஒரே சமயத்தில் கைமாற வேண்டும். ஒன்று முன்னாலும் மற்றொன்று மாதக்கணக்கில் பின்னாலும் போகும் இடைவெளியில்தான் அத்தனை சிக்கலும் முளைக்கிறது. விற்பவருக்கும் இது பொருந்தும். அவருக்கு வரும் ஆபத்து வாங்குபவரின் ஆபத்தைவிடப் பெரியது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

யார் உரிமையாளர்?

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி கார் ஓர் அசையும் பொருள். விலை பேசி, சம்மதித்து, பணம் கொடுத்து, சாவியை வாங்கினால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே விற்பனை முடிந்தது. வீட்டுக்குப் பத்திரம் பதிவதுபோல இங்கே விற்பனையையே பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு அந்தக் கைமாற்றம் போதாது. அதன் 2(30) பிரிவின்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வண்டி கடனில் இருந்தால், அந்தக் கடன் ஒப்பந்தத்தின் கீழ் வண்டியைக் கையில் வைத்திருப்பவர் உரிமையாளர். விபத்து நடந்தால் கடன் கொடுத்த வங்கி பொறுப்பேற்காமல் இருப்பது இதனால்தான்.

இரண்டு சட்டமும் வேறு வேறு ஆளைக் காட்டினால் என்ன ஆகும்? நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் இதற்கு உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகப் பதில் சொன்னது. பதிவேட்டில் பெயர் இருந்தவர், தான் 2007லேயே காரை விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு விற்றார். யாருமே பெயரை மாற்றவில்லை. 2009ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. காருக்குக் காப்பீடும் இல்லை. இழப்பீட்டை யார் கொடுப்பது என்ற கேள்வி கீழ் நீதிமன்றத்திலிருந்து டெல்லிவரை போனது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. பாதிக்கப்பட்ட குடும்பத்தை, கை மாறிய ஒவ்வொரு ஆளாகத் தேடி அலைய வைக்கக் கூடாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். நியாயமான காரணம். ஆனால் வண்டியை எப்போதோ விற்றுவிட்டு மறந்துபோனவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். யாரோ ஓட்டிய வண்டிக்கு, தன் கைக்காசிலிருந்து இழப்பீடு.

ஹெச்.பி. என்ற ஒரு வரி

கடனில் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் வங்கி அல்லது பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் ஒரு வரியில் ஏறியிருக்கும். பேச்சில் அதை ஹெச்.பி. என்போம். வண்டியை நீங்கள் வைத்துக்கொண்டு ஓட்டலாம், ஆனால் கடன் தீரும்வரை அதன் மேல் எங்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் பொருள். 51ஆம் பிரிவு இதைக் காக்கிறது. கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அந்த ஆர்.சி.யில் பெயர் மாற்றம் ஏறாது. டியூ கட்டாமல் விட்டு வண்டி மீட்கப்பட்டால், கடன் கொடுத்தவர் தன் பெயரிலேயே புது ஆர்.சி. வாங்கிக்கொள்ளவும் அதே பிரிவு வழிவிடுகிறது.

வண்டி யார் கையில் இருந்தாலும் இந்தக் கடன் வண்டியோடே போகும். எனக்கு ஒன்றும் தெரியாது, முழு விலையும் கொடுத்துத்தான் வாங்கினேன் என்று நீங்கள் சொன்னாலும் போகும். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு விற்க முடியாது என்பதுதான் விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. எந்தக் கடனும் இல்லாத பொருளையே விற்கிறேன் என்ற உறுதிமொழி, எழுதாவிட்டாலும் ஒவ்வொரு விற்பனையிலும் அடங்கியிருப்பதாக 14ஆம் பிரிவு கொள்கிறது. ஆகவே ஏமாற்றி விற்றவர் மேல் நீங்கள் வழக்குப் போடலாம். ஆனால் வண்டி முதலில் போய்விடும். வழக்கு பிறகு நடக்கும்.

பார்ப்பது எப்படி? மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, வரி, எஃப்.சி., கடன் பதிவு, கறுப்புப் பட்டியல் ஆகியவை தெரியும். பெயரில் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். அதனால் நான் சொல்வது இது: விற்பவரையே தன் கைப்பேசியில் எம்பரிவாஹன் அல்லது டிஜிலாக்கரைத் திறந்து ஆர்.சி.யைக் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம், உங்கள் எதிரில் திறக்கட்டும். புத்தக ஆர்.சி. காலத்து வண்டி என்றால் சில விவரங்கள் கணினியில் ஏறாமலே இருக்கலாம். அப்போது வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே விண்ணப்பித்து வண்டியின் விவரத்தை எழுத்தில் வாங்குவதுதான் சரி. காப்பீட்டு பாலிசியையும் வாங்கிப் பாருங்கள். கடன் கொடுத்த வங்கியின் பெயர் அதிலும் இருக்கும். ஆர்.சி.யில் இல்லாத ஒரு பெயர் பாலிசியில் இருந்தால், காரணம் கேட்காமல் மேலே பேசக் கூடாது.

பதிவேட்டில் தெரியாத கடன்

நம் ஊர்களில் இன்னொரு வகைக் கடன் நடக்கிறது. அவசரத்துக்கு உள்ளூர்ப் பைனான்ஸ்காரரிடம் போய் ஆர்.சி. புக்கையும் இரண்டாவது சாவியையும் கொடுத்து, டி.ஓ. பார்ம் எனப்படும் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வது. ஹெச்.பி. ஏறாது. பரிவாஹனில் தேடினால் வண்டி சுத்தமாக இருப்பதாகவே காட்டும். இப்படிப்பட்ட வண்டியை வாங்கியவர்கள் பெயர் மாற்றப் போகும்போதோ, ஒரு நாள் காலையில் நாலு பேர் வாசலில் வந்து நிற்கும்போதோதான் விஷயத்தை அறிகிறார்கள்.

ஆர்.சி.யைக் கையில் வைத்திருப்பதால் மட்டும் ஒருவர் வண்டிக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம். ஆனால் கையெழுத்திட்ட படிவம் அவரிடம் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. அந்தச் சண்டைக்குள் போகாமல் இருப்பதே மேல். அறிகுறிகள் உண்டு. அசல் ஆர்.சி. கேட்டால் ஜெராக்ஸ் காட்டுவார்கள். சாவி ஒன்றுதான் இருக்கும். “ஆர்.சி. தொலைஞ்சு போச்சுங்க, டூப்ளிகேட் போட்டுத் தந்துடறேன்” என்பார்கள். உண்மையிலேயே தொலைந்திருக்கவும் செய்யலாம், எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் நகல் ஆர்.சி. அவரே விண்ணப்பித்து, அவர் பெயரில், அவர் கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ் என்று சொல்லிவிடுங்கள். அண்மையில் எடுத்த நகல் ஆர்.சி.யோடு வரும் வண்டி என்றால், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சிறிய ஊரில் யார் வண்டி யாரிடம் அடகில் இருக்கிறது என்பது ஒர்க்‌ஷாப்காரருக்குத் தெரிந்திருக்கும்.

டியூ பாக்கி இருக்கும் வண்டியை வாங்குவது

கடன் இருக்கிறது என்பதற்காக நல்ல வண்டியை விட வேண்டாம். வரிசை தவறாமல் செய்தால் போதும். ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். விலை 5,40,000 ரூபாய் என்று பேசியிருக்கிறீர்கள். விற்பவருக்கு வங்கியில் சுமார் 2 லட்சம் பாக்கி.

முதலில், விற்பவர் வங்கியில் ஃபோர்க்ளோஷர் கடிதம் வாங்க வேண்டும். வாயால் சொல்லும் பாக்கி வேறு, அந்தக் கடிதத்தில் வரும் தொகை வேறு. நடப்பு மாத வட்டி, தாமதக் கட்டணம், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. எல்லாம் சேரும். கார் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அந்தக் கட்டணத்தை வங்கி கேட்கலாம். கடிதம் குறிப்பிட்ட தேதிவரைதான் செல்லும். நம் கணக்கில் 2,10,000 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வந்ததை யார் ஏற்பது என்பதை அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்து, நீங்களும் விற்பவரும் சேர்ந்து வங்கிக் கிளைக்குப் போங்கள். அந்த 2,10,000 ரூபாயை உங்கள் கணக்கிலிருந்து நேராக அந்தக் கடன் கணக்குக்கே செலுத்துங்கள். விற்பவர் கையில் கொடுத்து, “நீங்க கட்டிடுங்க” என்று சொல்லாதீர்கள். நல்லவராகவே இருப்பார். ஆனால் கடன் முற்றிய மனிதருக்கு அந்த வாரத்தில் வேறு நாலு அவசரம் இருக்கும். நான் கேள்விப்பட்ட ஏமாற்றங்களில் பல, திட்டமிட்ட மோசடியாகத் தொடங்கவில்லை. கையில் வந்த பணம் வேறு பக்கம் போனதில்தான் தொடங்கின.

வங்கியில் இருக்கும்போதே இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தக் கடன் தீர்ந்தால் என்.ஓ.சி. தடையில்லாமல் வருமா? அதே வங்கியில் விற்பவருக்குக் கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால், வேறு கடனுக்கு அவர் ஜாமீன் போட்டு அது வாராக் கடனாகி இருந்தால், கார் கடன் முழுதாகத் தீர்ந்த பிறகும் என்.ஓ.சி.யை நிறுத்தி வைப்பது நடக்கிறது. ஃபோர்க்ளோஷர் கடிதத்தில் இது இருக்காது. மேலாளரிடம் நேராகக் கேளுங்கள். முடிந்தால் விற்பவரின் மின்னஞ்சலிலிருந்து கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பணம் ஏறிய பிறகு வங்கி இரண்டு தாள்கள் தரும். ஒன்று, கடன் தீர்ந்தது என்ற என்.ஓ.சி. மற்றொன்று 35ஆம் எண் படிவம், வங்கியின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட இரண்டு பிரதிகள். என்.ஓ.சி. மட்டும் போதும் என்று திரும்பி வந்துவிடுகிறவர்கள் உண்டு. ஹெச்.பி.யை நீக்கும் விண்ணப்பமே 35தான். சில வங்கிகள் இப்போது கணினி வழியாகவே கடன் முடிந்ததை வாஹன் பதிவேட்டுக்குத் தெரிவித்துவிடுகின்றன. உங்கள் வங்கி எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் பரிவாஹனில் கடன் பதிவு நீங்கியதைக் கண்ணால் பார்த்தபின்தான் முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

இந்த இடைவெளியில் வண்டி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வளவு பணம் கொடுத்தவர் வண்டியைக் கேட்பது இயல்பு. என் கருத்து, வண்டி விற்பவர் வீட்டிலேயே நிற்கட்டும். அசல் ஆர்.சி.யும் ஒரு சாவியும் உங்களிடம் இருக்கட்டும். அந்தச் சில நாளில் நீங்கள் ஓட்டி ஏதாவது நடந்தால் பதிவேட்டில் இருக்கும் அவர்தான் மாட்டுவார். காப்பீட்டு நிறுவனமும் ஆயிரம் கேள்வி கேட்கும். இருவருக்கும் பாதுகாப்பாக, முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். வண்டி எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண், மொத்த விலை, கடன் கணக்கு எண், நீங்கள் நேரடியாகச் செலுத்திய தொகை, எத்தனை நாளுக்குள் என்.ஓ.சி. தர வேண்டும், தராவிட்டால் எவ்வளவு பணம் எந்தத் தேதிக்குள் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் வரட்டும். மிச்சம் 3,30,000ல் பெரும்பகுதியை, ஹெச்.பி. நீங்கி, பெயர் மாற்ற விண்ணப்பம் சமர்ப்பித்து, வண்டியை எடுக்கும் நாளில் கொடுங்கள். ஒரு சிறு தொகையை உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறும்வரை நிறுத்தி வைப்பதாகப் பேசிக்கொள்வது கௌரவக் குறைவு ஆகாது.

நீங்களும் கடன் வாங்கித்தான் இந்த வண்டியை எடுக்கிறீர்கள் என்றால் வேலை எளிது. உங்கள் வங்கியே பழைய வங்கிக்குப் பணத்தை அனுப்பி, பழைய ஹெச்.பி.யை நீக்கிவிட்டுத் தன் பெயரை ஏற்றிக்கொள்ளும். தன் பணத்தைக் காத்துக்கொள்ள அது செய்யும் சோதனை உங்களுக்கும் காவல்.

“டியூவை மட்டும் நீங்க கட்டிக்கோங்க”

இந்த வாசகத்தைக் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பவருக்குக் கொஞ்சம் ரொக்கம், மீதி மாதத் தவணையை அவர் பெயரிலேயே நீங்கள் கட்டி வருவது, கடைசியில் பெயர் மாற்றிக்கொள்வது என்ற ஏற்பாடு பரவலாக நடக்கிறது. கேட்க நியாயமாகவே இருக்கும். வாங்குபவர் இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டியிருப்பார். கடைசித் தவணை முடிந்ததும் என்.ஓ.சி. விற்றவர் பெயரில்தான் வரும். அவர் கூடுதல் பணம் கேட்டால் என்ன செய்வீர்கள்? ஊரைவிட்டுப் போயிருந்தால், இறந்துபோயிருந்தால்?

மறுபக்கம் இன்னும் மோசம். வாங்கியவர் மூன்று மாதம் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். தவணை தவறியதாக விற்றவரின் கடன் வரலாற்றில் ஏறும், சிபில் மதிப்பெண் விழும், வசூல் ஆட்கள் அவர் வீட்டுக்கு வருவார்கள். அடமானத்தில் இருக்கும் வண்டியை வங்கியின் சம்மதமில்லாமல் கைமாற்றியதே கடன் ஒப்பந்தத்தை மீறிய செயல் என்பதால் வங்கியிடம் முறையிடவும் வழியில்லை. கடனோடுதான் மாற்ற வேண்டும் என்றால் வங்கியிலேயே கேளுங்கள். சில வங்கிகள் வாங்குபவரின் வருமானத்தைப் பார்த்துப் புது ஒப்பந்தம் போட்டுக் கடனை அவர் பெயருக்கு மாற்றித் தரும். அது முறையான வழி. வங்கி மறுத்தால், அதையே நீங்கள் இருவரும் தனியாகச் செய்துகொள்வது புத்திசாலித்தனம் ஆகாது.

கடன் தீர்ந்தும் தீராத வண்டி

இந்த வகைச் சிக்கல் விற்பவரின் அசட்டையால் வருவது. ஐந்து வருடத் தவணையும் கட்டி முடித்திருப்பார், வங்கி என்.ஓ.சி.யும் கொடுத்திருக்கும், அது பீரோவில் இருக்கும். ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் ஹெச்.பி.யை நீக்க மட்டும் மறந்திருப்பார். வங்கிகள் தரும் என்.ஓ.சி.யில் பெரும்பாலும் மூன்று மாதம் செல்லும் என்று அச்சிட்டிருக்கும். காலம் கடந்தால் புதிதாக வாங்க வேண்டும்.

அதற்குள் வங்கியே இல்லாமல் போயிருக்கலாம். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. 2019ல் விஜயா வங்கியும் தேனா வங்கியும் பாங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்தன. ஆர்.சி.யில் பழைய வங்கியின் பெயர் இருந்தால் இப்போதைய வங்கியிடம்தான் என்.ஓ.சி.யும் 35ஆம் படிவமும் வாங்க வேண்டும். இணைப்பைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதித் தரச் சொன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள்வி வராது. மூடிப்போன சிறிய பைனான்ஸ் நிறுவனம் என்றால் வேலை கடினம். பழைய ரசீதுகள், கணக்கு முடிந்த கடிதம் என்று கிடைத்ததை எல்லாம் திரட்டிக்கொண்டு பதிவு அதிகாரியிடம் எழுத்தில் முறையிட வேண்டியிருக்கும். நாள் ஆகும். அதை முடித்துத் தர வேண்டியவர் விற்பவர். பாதி வேலையை உங்கள் தலையில் கட்டி விலையில் பத்தாயிரம் குறைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது கடன் முடிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. தனிநபர் கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள கடன் பதிவையும் நீக்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காரின் கடனும் இந்த வகைக்குள் வரும். என்.ஓ.சி.க்காக அலைய வைக்கும் கிளையில் இந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

விற்கிறவர்களுக்கு

2022 அக்டோபரில் கோவை கோட்டைமேட்டில் ஈஸ்வரன் கோயில் அருகே ஒரு கார் வெடித்தது. பழைய மாருதி 800. பல கை மாறி வந்திருந்த வண்டி அது. பதிவேட்டில் இருந்தவரில் தொடங்கி, வண்டி எங்கெங்கே போனது என்று காவல்துறை ஆள் ஆளாக விசாரிக்க வேண்டியிருந்தது. எந்தக் குற்றமும் செய்யாமல், வண்டியை ஒரு காலத்தில் வைத்திருந்தேன் என்பதற்காக மட்டும் அந்த விசாரணைக்கு நிற்க யாருக்கும் விருப்பம் இருக்காது.

அதனால் வெற்று டி.ஓ. பார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் பல காலம் நடந்து வந்த முறை அது. வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆள் கிடைத்ததும் பெயரை நிரப்புவார்கள். நடுவில் எத்தனை பேர் ஓட்டினாலும் பதிவேட்டில் நீங்கள்தான். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்குப் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் என்ற விதி வந்தது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது 29சி படிவத்தின் மூலம் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டால், அதன்பின் விற்கும்வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். விற்கப்போகும் கடையில் இந்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத கடையில் இரண்டாயிரம் கூடக் கிடைத்தாலும் அதற்காக வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

நேரடியாக ஒருவருக்கு விற்றால் 29, 30 எண் படிவங்களை முழுவதும் நிரப்பி, வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள், வேறு மாநிலத்துக்கு என்றால் 45 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை. வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பலர் இதை வாங்கியவர் வேலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சட்டம் இருவர் மேலும் வைத்திருக்கிறது. கூடுமானவரை நீங்களே விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து ஒப்புகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் நிமிடத்தையும் எழுதுங்கள். சாவி கொடுத்த அன்று மாலையே சிக்னலை மீறி வந்த இ-சலான் யாருடையது என்பதை அந்த மணிதான் முடிவு செய்யும். வாங்குபவரின் ஆதார் நகலில் அவர் கையெழுத்து, வண்டியோடு அவர் நிற்கும் படம், வங்கி வழியாக வந்த பணத்தின் விவரம் ஆகியவற்றைப் பெயர் மாறிய பிறகும் சில வருடம் பத்திரப்படுத்துங்கள்.

வேறு சில வில்லங்கங்கள்

உரிமையாளர் இறந்திருந்தால் மகனோ மனைவியோ நேராக உங்களுக்கு விற்க முடியாது. முதலில் 31ஆம் படிவம் கொடுத்து வாரிசு பெயருக்கு ஆர்.சி. மாற வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் இரண்டும் தேவைப்படும். இறந்த 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தால், மூன்று மாதம் அந்த வண்டியைப் பழைய பெயரிலேயே ஓட்டலாம். அதற்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். “அப்பா கையெழுத்து ஏற்கெனவே வாங்கி வெச்சிருக்கோம்” என்று யாராவது படிவத்தைக் காட்டினால் தொடாதீர்கள். இறந்தவர் பெயரில் தேதி மாற்றிக் கொடுக்கும் படிவம் உங்களையும் குற்றத்துக்குள் இழுக்கும். 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயரைச் சேர்க்கும் வசதி வந்திருக்கிறது, நீங்கள் வாங்கும் வண்டிக்கு அதைச் செய்துவிடுங்கள்.

கம்பெனி பெயரில் உள்ள வண்டி என்றால் விற்கிறவருக்கு அதற்கான அதிகாரம் தந்த இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகல் வேண்டும்.

புதுச்சேரிப் பதிவு வண்டிகள் நம் சாலைகளில் நிறைய. விலை மலிவாகத் தெரியும். அங்கே 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, புது எண் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மலிவு பல சமயம் கரைந்துவிடும். பெங்களூர், டெல்லி வண்டிகளுக்கும் இதே கணக்குதான்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது சேஸிஸ் எண்ணில் விளையாடிய வண்டிகளைத்தான். 2015, 2023 வெள்ளங்களிலும் பெரிய விபத்துகளிலும் சிக்கிய கார்களைக் காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பாகக் கணக்கிட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு, சேதமடைந்த வண்டியை ஏலத்தில் விடும். மீண்டும் ஓட முடியாத வண்டி என்றால் 55ஆம் பிரிவுப்படி உரிமையாளர் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை. ஓட்டைக் கூட்டுக்கு உயிருள்ள ஓர் ஆர்.சி. மிச்சமாகிறது. அதே மாடலில் திருடிய ஒரு காரில் அந்த எண்ணைப் பொறித்துவிட்டால், காகிதம் எல்லாம் சரியாக இருக்கும் திருட்டு வண்டி தயார். பிடிபட்டால் போலீஸ் வண்டியை எடுத்துக்கொள்ளும், கொடுத்த பணம் கிடைக்காது.

இதைப் பிடிக்க வண்டியில் பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண்ணை வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சுற்றிலும் வெல்டிங் தழும்போ, புதிதாக அடித்த பெயின்ட்டோ இருந்தால் நகர்ந்துவிடுங்கள். அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரம் கேட்டால், நடுவில் பெரிய விபத்து நடந்திருந்தால் தெரிந்துவிடும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்தில் திருட்டுப் பட்டியலில் வண்டி இருக்கிறதா என்று பார்த்துச் சான்று எடுக்கவும் வசதி உண்டு.

பெயர் மாறியபின்

காப்பீட்டில் மூன்றாம் நபருக்கான பகுதி வண்டியோடு உங்களுக்கு வந்துவிடும் என்கிறது 157ஆம் பிரிவு. ஆனால் 14 நாளுக்குள் நீங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்து உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதி தானாக வராது. பாலிசியை மாற்றாமல் வண்டியை முட்டிவிட்டால் முழுச் செலவும் உங்களுடையது. நோ கிளெய்ம் போனஸ் பழைய உரிமையாளருக்குச் சொந்தமானது, வண்டிக்கு அல்ல. அதை அவர் தன் அடுத்த காருக்கு எடுத்துக்கொள்வார், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். தீர்ந்த கடனின் வங்கிப் பெயர் பாலிசியில் இருந்தால் அதையும் அப்போதே நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வண்டி முழுதும் அழிந்துபோகும் நாளில் இழப்பீடு யாருக்கு என்ற கேள்வி எழும்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் விற்றவரின் கணக்கோடு சேர்ந்தது. அதை அவர் மூடினால்தான் அதே வண்டி எண்ணுக்கு நீங்கள் புதிது எடுக்க முடியும். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் முன், அவர் கைப்பேசியிலேயே மூடச் சொல்லிவிடுங்கள்.